வரி கட்டிய ஊற்று

“குழல்வாய்மொழி. ஆண். வயது சுமார் முப்பத்தைந்து. நல்ல உயரம். முறுக்கு மீசை. கதர்ச் சட்டை அணிபவர், இங்கிலீஷ் பேசக்கூடியவர். குத்துக்கல்வலசைக்கு மேற்கே பாறைகளில் கள்ள உப்பு விளைவிக்கும் கூட்டத்துக்குத் தலைவர். சர்க்கார் மீது துவேஷம் உள்ளவர். நெருங்குகிறவர்கள் ஜாக்கிரதையாக இருக்கவும்.”

உப்புச் சோதனை இன்ஸ்பெக்டர் ஒருவர் தம் சிப்பந்திகளுக்கு அனுப்பிய குறிப்பு இது. இதில் வயது சரி. கடைசி வாக்கியமும் சரிதான் என்று பிச்சையா சத்தியம் செய்வார். அவர் குழல்வாய்மொழியின் புருஷன், நெருங்கிப் பார்த்த அனுபவஸ்தர். மற்ற அங்க அடையாளங்கள் எல்லாம் இரவல். உயரமும் மீசையும் பிச்சையாவுடையவை. கதரும் இங்கிலீஷும் தென்காசிக் கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைக்கும் சிவனணைந்தபெருமாளுடையவை. துவேஷம் அந்த வருஷம் காற்றிலேயே கிடந்தது; நடந்து போகிற எவர் மேலும் ஒட்டிக்கொள்ளும். குழல்வாய்மொழியிடமிருந்து எடுத்தது பெயர் ஒன்றுதான். அதுவும் குற்றாலத்து அம்மன் பெயர். இன்ஸ்பெக்டர் வடக்கே எங்கோ இருந்து மாற்றலாகி வந்தவர். கூட்டத்துக்குத் தலைவர் என்றால் ஆண்பிள்ளை என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்.

குழல்வாய்மொழி குள்ளம். நட்ட வயலில் இறங்கிக் குனிந்தாள் என்றால் ஆள் இருக்கிறாளா இல்லையா என்று கூப்பிட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கூப்பிடக்கூட வேண்டாம், சிரிப்புச் சத்தம் வருகிற இடத்தில் இருப்பாள். சிரிக்க ஆரம்பித்தால் அடைக்கிற மடை அவளிடம் கிடையாது. ஒரு துஷ்டி வீட்டில் சிரிப்பு வந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அவள் குலுங்கியதைப் பார்த்து, செத்தவருக்கு இவள் இவ்வளவு வேண்டியவளா என்று ஊரே அசந்துபோனது.

சர்க்காரைப் பற்றி அவளுக்கு அபிப்பிராயம் ஏதும் இல்லை. உப்பைப் பற்றி இருந்தது. தேசம் முழுவதும் உப்பைக் கையில் அள்ளியே தீருவது என்று புறப்பட்டிருந்த வருஷத்தில், உப்பைக் கண்ணில் படாமல் ஒழித்துவிட வேண்டும் என்று அலைந்த ஆள் அநேகமாக அவள் ஒருத்திதான். அவளைப் பிடித்துத்தான் தலைவர் ஆக்கினார்கள்.

விஷயம் இதுதான். குற்றாலத்தில் விழுகிற தண்ணீர் சிற்றாறாகி, அணைக்கட்டில் நின்று, வாய்க்கால் வாய்க்காலாகப் பிரிந்து வயல்களுக்கு வருகிறது. அத்தனையும் தித்திப்பு. ஆனால் குழல்வாய்மொழியின் வயலுக்கு வருகிற வாய்க்கால், வயலுக்குச் சற்று மேலே ஒரு மொட்டைப் பாறையைச் சுற்றிக்கொண்டு போகிறது. அந்தப் பாறையின் இடுக்கில் ஓர் ஊற்று. உள்ளங்கை அகலம்தான், ஆனால் எந்தக் கோடையிலும் வற்றாது. வற்றாத ஊற்று என்றால் கும்பிடத் தோன்றும். வாயில் வைத்தால் துப்பத் தோன்றும். பூமிக்கு அடியில் அதற்கு எந்தக் கடலோடு கொடுக்கல் வாங்கலோ, அப்படி ஓர் உப்பு. அது பாறையில் வழிந்து வாய்க்காலில் விழும்.

சாரல் காலத்தில் யாரும் அதை லட்சியம் செய்வதில்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர் போகும்போது உப்பு போன இடம் தெரியாது. சாரல் ஏமாற்றினால்தான் வம்பு. ஆறு ஒடுங்கும், வாய்க்கால் ஒடுங்கும், ஊற்று மட்டும் ஒடுங்காது. அப்போது வயலுக்கு வருவது ஏறக்குறைய ரசம். நெற்பயிர் நுனியில் மஞ்சள் கண்டு, பிறகு நெருப்புக் காட்டினதுபோலச் சுருளும். பாறைக்கு மேலே இருக்கிற வயல்களுக்குத் தொல்லை இல்லை. பாறைக்குக் கீழே முதல் வயல் குழல்வாய்மொழியுடையது. அவள் அப்பா சீதனமாகக் கொடுத்தது. “அருவி பாத்த வயலு, மாப்பிள்ளை” என்று சொல்லிக் கொடுத்தார். அதில் பொய் இல்லை. வரப்பில் நின்றால் மேற்கு மலையில் அருவி வெள்ளை நூலாகத் தெரியும். ஊற்றைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையும் அருவியைப் பார்த்துக்கொண்டே தலையாட்டிவிட்டார்.

இரண்டு கார் பருவத்து நெல் அடுத்தடுத்துக் கருகியது. பிச்சையாவுக்குப் புனலூர்க் காகித ஆலையில் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான். அவன் வா வா என்று சொல்லி அனுப்பிக்கொண்டே இருந்தான்.

“ஏளா, இந்தக் காரும் கருகிச்சின்னா வயல அடுத்த வரப்புக் குற்றாலிங்கத்துட்ட தள்ளிட்டுப் புனலூருக்குப் போயிருவோம்” என்றார் பிச்சையா. “அங்க கூழு காய்ச்சுத வேலையாம். காயிதக் கூழு.”

“கூழு காய்ச்ச மலையத் தாண்டிப் போவணுமாக்கும்? இங்கன நான் காய்ச்சுதது போதாதா?”

“நீ காய்ச்சுததுல உப்பே இருக்க மாட்டேங்கே.”

“வயல்ல கெடக்கது காணும்னுதான் போடல.”

புனலூரில் மழை இன்னும் அதிகம் என்று பிச்சையா ஆசை காட்டினார். மழை பெய்யும், சாரல் அடிக்குமா என்று அவள் கேட்டாள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்கும்தான். ஆனால் அவள் போக மாட்டாள். மேற்கே பார்த்தால் அருவி தெரியாத இடத்தில் விடிந்ததா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பது அவள் கட்சி. விடிவது கிழக்கில் என்று பிச்சையா சொல்லிப் பார்த்தார். இந்தக் காரில் நெல் விளைந்தால் இருப்பது, கருகினால் கிளம்புவது என்று முடிவானது. நாற்றுப் பாவினார்கள். ஆனி பிறந்தது. சாரலைக் காணோம்.

குற்றாலிங்கம் ஊர்க்கூட்டம் போட்டார். வாய்க்கால் மராமத்துக்கு ஆள் திரட்டுகிற பொறுப்பு அவருடையது. குழல்வாய்மொழியின் வயலை ஒட்டி அவருக்குக் கத்திரித் தோட்டம் உண்டு. அவள் வயல் மீது தமக்கு ஆசை கிடையாது என்று அடிக்கடி சொல்லுவார். சொல்லும்போதே வரப்பை எட்டு வைத்து அளந்து பார்ப்பார். இருந்தாலும் நியாயஸ்தர். நன்றாக யோசித்துத்தான் பேசினார்.

“ஒடம்புல மரு வந்தா என்ன செய்யுதோம்? கோயில் தெப்பத்துல உப்பும் மிளகும் போடுதோம். உப்பு கரையுத மாதிரி மருவும் கரைஞ்சி போவுது. அந்தப் பாறையில வெள்ள வெள்ளயாப் பூத்திருக்கே, அது என்னங்கிய? பூமிக்கு வந்த மரு. நேர்த்தி செஞ்சிருவோம்.”

கூட்டத்தில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அடுத்த வீட்டு மாடத்தி மட்டும், “உப்புதான் வியாதின்னா அதுல கொண்டு உப்பையா போடுவாவ?” என்று கேட்டாள்.

அவளை முதலில் அதட்டியது குழல்வாய்மொழிதான். “ஏட்டி, நேர்த்தியில நொட்டை சொல்லாத. அம்மன் கேட்டா கோவிச்சிக்கிடுவா!” நேர்த்திக்கு உப்பு வாங்கி வருகிற பொறுப்பையும் அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். உப்பின் பரம விரோதி, தலையில் உப்பு மூட்டையோடு தென்காசிச் சந்தையிலிருந்து சிரித்துக்கொண்டு வந்தாள்.

கடையில் அவளுக்கு முன்னால் நின்று இலஞ்சித் தோப்புக் குத்தகைக்காரர் பரீது ராவுத்தர் மூட்டை மூட்டையாக உப்பு எடுத்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன அண்ணாச்சி, உங்க பூமிக்கும் மரு வந்துட்டா?”

“மருவும் இல்ல, கருவும் இல்ல, தாயீ. தென்னைக்கு. குழியில உப்புப் போடாம பிள்ள வச்சா மரம் நிக்கும், காய் நிக்காது. நின்ன மரமும் வருஷா வருஷம் கேக்கு. மனுசன் சாப்பிடுததவிட இதுக சாப்பிடுத உப்புதான் கூட.”

குழல்வாய்மொழிக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. தென்னை மரம் இலை போட்டு உட்கார்ந்து, “இன்னும் கொஞ்சம் உப்பு” என்று கேட்பதை நினைத்து நினைத்துக் குத்துக்கல்வலசை வரைக்கும் சிரித்தாள். அந்தப் பேச்சில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று யோசிக்கவில்லை. சிரிப்பு யோசனையை எப்போதுமே முந்திக்கொள்ளும்.

மேளதாளத்தோடு போய் ஊற்றில் உப்பும் மிளகும் கொட்டினார்கள். பெட்டி பெட்டியாகக் கொட்டினார்கள். குலவை மலை வரைக்கும் கேட்டது. ஊற்று அன்றிலிருந்து நாலைந்து நாள் முன்னைவிட அதிகமாகக் கரித்தது. மிளகு வாசமும் சேர்ந்துகொண்டது. நாற்றின் நுனி மஞ்சளானது.

“நான் சொன்னேம்லா” என்றாள் மாடத்தி.

“சொன்னா பலமா சொல்லணும். பைய சொன்னா எவ கேப்பா?” என்றாள் குழல்வாய்மொழி.

அடுத்தபடியாக, ஊற்றை அடைத்துவிடுவது என்று குற்றாலிங்கம் கிளம்பினார். களிமண், சுண்ணாம்பு, வைக்கோல், கடுக்காய்த் தண்ணீர் எல்லாம் சேர்த்துக் குழைத்து இடுக்கில் அறைந்தார்கள். அன்று சாயங்காலம் ஒரு சொட்டு வரவில்லை. குற்றாலிங்கம் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தார். மறுநாள் காலை அவருடைய கத்திரிச் செடிகளுக்கு நடுவே பூமி ஈரமாகியது. மத்தியானத்துக்குள் குமிழி விட்டது. ஓடிப்போய்க் கடப்பாரையை எடுத்து, முதல் நாள் தாமே முன்னின்று அடைத்ததைத் தாமே குத்திப் பெயர்த்தார். பாறை ஊற்றுத் திறந்ததும் கத்திரித் தோட்டத்து ஊற்று நின்றுபோனது. செடிகள் பிழைக்கவில்லை.

“இனி அந்தப் பாறையத் தொடுதவன் கைய ஒடிப்பேன்” என்றார்.

அப்புறம் மனு. சிவனணைந்தபெருமாள் கதர்ச் சட்டையோடு பாறைக்கே நேரில் வந்து, ஊற்றைச் சுற்றி நடந்து, அதற்குக் கேட்கும்படியாக இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு, இரண்டு மனு எழுதினார். அணைக்கட்டில் கூடுதல் தண்ணீர் திறந்தால் உப்பு நீர்த்துப்போகும் என்று மராமத்து அதிகாரிக்கு ஒன்று. ஊற்றை என்ன செய்யலாம் என்று உப்பு அதிகாரிக்கு ஒன்று. ஆச்சரியமாக இரண்டுக்கும் பதில் வந்தது. உப்பு சம்பந்தப்பட்டதால் இது தமது வேலை அல்ல என்றார் மராமத்துக்காரர். தண்ணீராக இருக்கும்வரை அது உப்பு அல்ல, காய்ந்த பிறகுதான் தமக்கு அதிகாரம் என்றார் உப்புக்காரர்.

“அப்பம் காய வச்சிட்டா அவரு வந்து கொண்டு போயிருவாரு!” என்று குதித்தாள் குழல்வாய்மொழி.

சிவனணைந்தபெருமாள், “அப்படி அர்த்தம் இல்லம்மா” என்று ஆரம்பித்தார். அதற்குள் அவள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மொட்டைப் பாறை அகலமானது, தட்டையானது. அதன் ஓரத்தில் களிமண்ணால் விரல் உயரத்துக்கு வரப்புப் பிடித்தாள். ஊற்றுத் தண்ணீர் வாய்க்காலில் விழாமல் பாறையில் பரவியது. பாறை அடுப்புபோலக் காயும் இடம்; சாரல் இல்லாத வெயில் வேறு. பரவியது பரவியபடியே வற்றிப்போனது. வாய்க்காலில் வந்த கொஞ்சம் தண்ணீர் நல்ல தண்ணீராகவே வந்தது. நாற்றுப் பிழைத்தது. பறித்து நட்டார்கள். நட்ட பயிர் வேர் பிடித்துப் பச்சை கட்டியது. குழல்வாய்மொழி வரப்பில் நின்று பயிரைப் பார்த்துச் சிரித்தாள், அருவி இருக்கும் திசையைப் பார்த்துச் சிரித்தாள், புனலூர்த் திசையைப் பார்த்துப் பழிப்புக் காட்டினாள். இரண்டும் ஏறக்குறைய ஒரே திசைதான்.

பாறையில் ஒட்டிய வெள்ளையைத் தினமும் விளக்குமாற்றால் பெருக்கி மூலையில் குவித்தாள். அவளுக்கு அது குப்பை. மாடுகளுக்கு அப்படித் தோன்றவில்லை. முதலில் குற்றாலிங்கத்தின் காளை வந்து நக்கியது. அது போய் என்ன சொன்னதோ, அடுத்த நாள் ஊர் மாடெல்லாம் வந்தன. அதற்கடுத்து இலஞ்சி மாடுகள் வந்தன. மேய்க்கிறவன் எவ்வளவு கத்தினாலும் நகராமல், கல்யாணப் பந்தியில் போல வரிசையாக நின்று நக்கின. மாட்டைத் தேடி ஆள் வந்தது, ஆளைத் தேடி ஆள் வந்தது, கூட்டத்தைப் பார்த்து முறுக்கு விற்கிறவள் வந்தாள். கடைசியில் உப்புச் சிப்பந்தி வந்தார். குவியலைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். மீசையோடு பிச்சையா அந்தப் பக்கம் நின்றார், கதரோடு சிவனணைந்தபெருமாள் இந்தப் பக்கம் நின்றார். “இதெல்லாம் யாரு ஏற்பாடு?” என்று கேட்டதற்கு முறுக்குக்காரி, “வேற யாரு, குழல்வாய்மொழிதான்” என்றாள். அவளோ மாடுகளுக்கு நடுவே நின்றதால் சிப்பந்தியின் கண்ணில் படவில்லை. சிப்பந்தி ஓடிப்போய் இன்ஸ்பெக்டரிடம் மூன்று ஆளையும் ஒரே ஆளாகப் பிசைந்து கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் இரண்டு போலீசையும் கூட்டிக்கொண்டு வந்தபோது பிச்சையா பாறையில் தனியாக நின்று மீசையைத் தடவிக்கொண்டிருந்தார்.

“குழல்வாய்மொழி?”

“இல்லீங்கய்யா. நான் பிச்சையா. குழல்வாய்மொழி எம் பொஞ்சாதி.”

“பெண்டாட்டி பேரைச் சொல்லித் தப்பிக்கிறதா? வெக்கமா இல்லை?”

“வெக்கமாத்தான் இருக்கு. ஆனா அவ பேரு அதான்.”

போலீஸ்காரர் கையைப் பிடிக்கிற சமயத்தில் வயலுக்குள்ளிருந்து, “அவுகள விடுங்க! அவுகளுக்கு ஒண்ணுந் தெரியாது, நான் வேணாச் சொல்லுதேன்!” என்று ஒரு சத்தம் கேட்டது. சேற்றுக் காலோடு ஓர் உருவம் ஏறி வந்தது. இன்ஸ்பெக்டர் அதன் தலைக்கு மேலே பார்த்து, பின்னால் யாரும் வராததால் கீழே பார்த்தார்.

“நீயா?”

“நானேதான்யா.”

அவர் கையில் இருந்த குறிப்பை ஒரு தடவை வாசித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். போலீசைக் கண்டு ஊர் கூடிக்கொண்டிருக்க, உப்புக் குவியலைக் காட்டினார்.

“இது என்ன?”

“குப்பைங்க.”

“இது உப்பு. தானாக விளைந்த உப்பு. எடுத்தாலும் குற்றம், குவித்தாலும் குற்றம்.”

குழல்வாய்மொழி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பிச்சையாவின் கை இன்னும் போலீஸ்காரர் கையில்தான் இருந்தது. அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

“தானா எங்கய்யா விளைஞ்சிது? இது எங்க உப்புல்லா! தென்காசிக் கடையில வாங்கி நேர்த்திக்குப் போட்டோம். அம்மன் ஏத்துக்கிடல போலுக்கு. திருப்பி அனுப்புதா.”

“என்ன?”

“நெசந்தான்யா” என்று குற்றாலிங்கம் முன்னால் வந்தார். “மேளம் வச்சிக் கொட்டினோம். ஊரே பாத்துது.”

“நானே தலையில சொமந்து வந்தேன். கடைக்காரரக் கேட்டுப் பாருங்க. வரி கட்டின உப்பு!”

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். வாங்கியது வரி கட்டிய உப்பு என்றால் வழக்கு இல்லை. வாங்கிய உப்பை ஊற்றில் போடக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அப்படி ஒருவர் போடுவார் என்று சட்டம் எழுதினவர்களுக்குத் தோன்றியிருக்காது.

“சரி. எவ்வளவு போட்டீர்கள்? இங்கே எவ்வளவு இருக்கிறது?”

“சாமிக்கு அளந்தா போடுவாவ?” என்றாள் மாடத்தி. இந்தத் தடவை பலமாகவே சொன்னாள்.

எங்கிருந்தோ ஒரு மிளகு அகப்பட்டது. குவியலைக் கிளறியபோது பிச்சையாவின் கால்விரலில் தட்டுப்பட்டது. வெளுத்துப்போன ஒற்றை மிளகு. அவர் அதை எடுத்து இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார். தானாக விளைந்த உப்பில் மிளகு விளைவதில்லை. இன்ஸ்பெக்டர் அதை முகர்ந்து பார்த்து, தும்மி, பிச்சையாவை விடச் சொன்னார். ஆனால் வந்தவர் சும்மா திரும்பக் கூடாதே. ஓர் உத்தரவு போட்டார்.

“இன்று இருக்கிறது உங்கள் நேர்த்தி உப்பாகவே இருக்கட்டும். இனி வருவது அம்மன் உப்பு என்று சொல்ல விடமாட்டேன். அடுத்த தடவை வருகிறபோது இந்தப் பாறையில் வெள்ளையாக ஒரு பொட்டுத் தெரிந்தால் உன் புருஷன் என்னோடு வருவான். தண்ணீராக இருக்கிறவரை எனக்குச் சம்பந்தம் இல்லை. காயக் கூடாது.”

கூட்டம் கலைந்தது. குவியல் வாய்க்காலுக்கு அப்பால் குழிக்குள் போனது. குழல்வாய்மொழி பாறையில் உட்கார்ந்தாள். காய வைத்தால் மீசை ஜெயிலுக்கு. காய வைக்காமல் வாய்க்காலில் விட்டால் பயிர் கருகும், மீசை புனலூருக்கு, கூடவே அவளும். அடைத்தால் கத்திரித் தோட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்பு. அவள் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்துப் பிச்சையா பயந்துபோனார்.

“ஏளா, ஒடம்புக்கு என்ன?”

இலஞ்சி மாடு ஒன்று திரும்பி வந்து, பெருக்கித் துடைத்த பாறையை நக்கிப் பார்த்து, ஏமாந்து, இன்னும் கொஞ்சம் உப்பு என்று கேட்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தது.

இன்னும் கொஞ்சம் உப்பு. இலை போட்டு உட்கார்ந்த தென்னை மரம்.

அவள் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டு ஓடியது. அதே திசையில் அவளும் ஓடினாள்.

பரீது ராவுத்தர் தோப்பில் காய் எண்ணிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வந்து நின்று, “அண்ணாச்சி, உப்புத் தண்ணி வேணுமா? சும்மா தாரேன்” என்றாள்.

“சும்மாவா? சும்மா தாரவள நான் நம்ப மாட்டேன். என்ன கேடு அதுல?”

“கேடே அதான் அண்ணாச்சி. எம் பயிருக்குக் கேடு, உங்க மரத்துக்குப் பாயசம். எடுத்துக்கிடுங்க.”

ராவுத்தர் ஆற அமர யோசித்தார். வந்து ஊற்றை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். குமட்டியது. அவருக்கு முகம் மலர்ந்தது. “நல்ல சரக்கு! ஆனா வாய்க்கால் குறுக்க இருக்கே. அதத் தாண்டி எப்பிடி வரும்?”

சும்மா தருகிறவளை நம்பாதவருக்கு அவள் ஒரு கூலி கேட்டாள். தோப்பில் விழுந்து கிடக்கிற பனைகள். அவற்றை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்தால் தூம்பு. வாய்க்காலுக்கு மேலே அதை நீளப் போட்டால், கீழே நல்ல தண்ணீர், மேலே உப்புத் தண்ணீர், ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே போகும், தொட்டுக்கொள்ளாது. வயலுக்கு மழைத் தண்ணீர் கடத்த அந்தப் பக்கத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான். உப்பைக் கடத்த யாரும் செய்ததில்லை.

அக்கரையில், தோப்புக்குப் போகிற வழியில், தூம்பு இறங்குகிற இடம் குற்றாலிங்கத்தின் வரப்பு. “எவ எம் பூமியில உப்பத் திருப்புதது?” என்று கத்திக்கொண்டு வந்தார்.

“வேண்டாம்னா விடுங்க மாமா. மறுபடி அடைச்சிருவோம். அடைச்சா எங்கன வரும்னு உங்களுக்குத்தான் தெரியுமே.”

குற்றாலிங்கம் கத்திரித் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தாமே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தூம்பின் ஒரு முனைக்குத் தோள் கொடுத்தார்.

தண்ணீர் விட்ட அன்று ஊரே கரையில் நின்றது. ஊற்று பாறையிலிருந்து தூம்புக்குள் இறங்கி, கொஞ்சம் தயங்கி, வாய்க்காலுக்கு நடுவில் வந்ததும் இரண்டு தூம்பு சேருகிற இடத்தில் பொத்துக்கொண்டது. “பிடிங்க, பிடிங்க!” என்றாள். பிச்சையா வாய்க்காலில் இறங்கி, மூட்டுக்கு அடியில் நின்று இரண்டு கையாலும் பொத்தினார். ஒழுகியதெல்லாம் அவர் தலையில். தார் காய்ச்சி வருகிறவரை அசையக் கூடாது என்று உத்தரவு. வெயில் நல்ல வெயில். முகத்தில் வழிந்தது வழிந்தபடி காய்ந்தது. தார் வந்து பொத்தலை அடைத்து அவர் கரையேறியபோது மீசை வெள்ளை வெளேர் என்று இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் இன்ஸ்பெக்டரின் சைக்கிள் மணி கேட்டது.

அவர் பாறையைப் பார்த்தார். ஈரம், வெள்ளை இல்லை. தூம்பைப் பார்த்தார். தண்ணீர், உப்பு இல்லை. பிச்சையாவைப் பார்த்தார்.

“அது காய்ந்த உப்பு” என்று மீசையைக் காட்டினார்.

குழல்வாய்மொழி முந்தானையை வாய்க்காலில் முக்கி, ஊர் பார்க்க, இன்ஸ்பெக்டர் பார்க்க, புருஷன் மீசையை ஓங்கித் துடைத்தாள். பிச்சையா கண்ணை மூடிக்கொண்டார். துடைத்த இடம் மறுபடி கறுத்தது. “கரைஞ்சிட்டுங்கய்யா. இப்பம் தண்ணி” என்றாள். குற்றாலிங்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார்.

“இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?”

“தோப்புக்குய்யா. தென்ன குடிக்கும்.”

“அப்படியானால் தென்னை உப்பு சாப்பிடுகிறது. வரி கட்டாத உப்பு.”

அவர் இதை வேடிக்கையாகச் சொன்னாரா, வினையாகச் சொன்னாரா என்று யாருக்கும் விளங்கவில்லை. பரீது ராவுத்தர் ஓர் இளநீரைச் சீவி நீட்டினார். “குடிச்சிப் பாருங்க ஐயா. உப்பு இருந்தா மரத்தையே கைது பண்ணிக்கிடலாம்.”

இன்ஸ்பெக்டர் குடித்தார். தீர விசாரிக்க வேண்டுமென்று இன்னொன்றும் வாங்கிக் குடித்தார். இரண்டும் தித்தித்தன. சாட்சியம் போதாது என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். கொஞ்ச தூரம் போய் அவர் தோளும் குலுங்கியதாக முறுக்குக்காரி சொன்னாள்; அவள் அடையாளம் சொல்வதை அவ்வளவாக நம்புவதற்கில்லை.

சாரல் வந்தது. கதிர் பால் பிடித்து, இனி வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்கிற சமயம் பார்த்து வந்தது. வாய்க்கால் நிறைந்து தூம்பின் அடியைத் தொட்டுக்கொண்டு போயிற்று. மேற்கே அருவி நூலாக இருந்தது வேட்டியாக அகன்றது. ஊர் முழுக்கக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனது. அருவிக்கு அடியில் நின்று குழல்வாய்மொழி சிரித்தாள்; தண்ணீர்ச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற பிச்சையாவுக்கு மட்டும் கேட்டது. புனலூரிலிருந்து அடுத்த தடவை ஆள் வந்தபோது பிச்சையா தோப்பு இளநீர் ஒன்றைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

அந்தக் குறிப்பை யாரும் திருத்தவில்லை. உயரமான, மீசை வைத்த, இங்கிலீஷ் பேசும் குழல்வாய்மொழியை உப்புச் சிப்பந்திகள் வெகு காலம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

குள்ளமான குழல்வாய்மொழி செய்தது இவ்வளவுதான்: வாய்க்காலின் மேல் பனந்தூம்பு போட்டு உப்புத் தண்ணீரை இலஞ்சித் தென்னைகளுக்குத் திருப்பிவிட்டாள், அந்தக் காரில் தன் வயலில் நெல் அறுத்தாள்.